டீக்காரி காபிக்காரி ஆன கதை

கேள்வி: வேறு ஊருக்குக் குடிபோன பிறகு, முன்பு பிடிக்காத ஏதாவது உங்களுக்குப் பிடித்துப்போனதா?

ஆமாம், காபி. பெங்களூரு செய்த வேலை அது.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் வீட்டில் எழுந்ததும் டீ, சாயங்காலம் டீ, யாராவது வந்தால் டீ. காபி என்றால் இரண்டுதான் தெரியும். சளி பிடித்தால் அம்மா போடும் சுக்கு காபி ஒன்று. அதில் சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி எல்லாம் இருக்கும், காபி மட்டும் இருக்காது. மற்றது, பெரிய விருந்தாளி வந்தால் பாலில் கலக்கும் இன்ஸ்டன்ட் தூள். டிகாக்‌ஷன் இறங்குவதை 22 வயது வரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

2012-ல் வேலை கிடைத்து பசவனகுடியில் ஒரு விடுதியில் தங்கினேன். விடுதி டீ வெந்நீரில் பழுப்பு நிறம் கரைத்த மாதிரி. அலுவலக இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரே ருசி. ஊர் டீக்கு நாக்கு ஏங்கியது. கூட வேலை பார்த்த மைசூர்ப் பெண் ஒருத்தி, "வா" என்று பக்கத்துத் தெரு தர்ஷினிக்குக் கூட்டிப் போனாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தர்ஷினி என்பது 1980களில் பெங்களூரில் பரவிய நின்று சாப்பிடும் கடை. நாற்காலி கிடையாது. காசு கொடுத்து டோக்கன் வாங்கி, நாமே போய் வாங்கி, நெஞ்சு உயர மேசையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் ஒரு பை டூ காபி வாங்கினாள். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். நான் இரண்டு வாய் குடித்தேன். கசப்பு, அதன் மேல் சர்க்கரை. பிடிக்கவில்லை. ஆனால் சுற்றிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. காலை ஏழரை மணிக்குப் புடவை கட்டிய ஒரு அம்மாள் தன்னந்தனியாக நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் காதில் ஹெட்போனோடு ஒரு கல்லூரிப் பெண். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோவில்பட்டியில் டீக்கடை அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உரிய இடம். பேப்பர், அரசியல், பெஞ்சு எல்லாம் அவர்களுடையது. நாங்கள் தூக்குவாளி கொடுத்துவிட்டு வாங்கிவரச் சொல்வோம். கடை வாசலில் நின்று நான் ஒரு டீ குடித்ததே இல்லை. அதனால், உண்மையைச் சொன்னால், மறுநாள் நான் தனியாகப் போனது காபிக்காக இல்லை, நிற்பதற்காக. நின்றால் ஏதாவது குடிக்க வேண்டுமே! அங்கே டீயும் உண்டு, ஆனால் அந்தக் கடை டீ என் ஊர் டீக்கு அவமானம். சரி, காபியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதிலும் ஒரு சங்கடம். கன்னடத்தில் 'கொடுங்கள்' என்பதை மரியாதையாகச் சொல்லும் சொல்லே 'கொடி'. "ஒந்து காஃபி கொடி" என்று சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவரிடம் 'டி' போட்டுப் பேசுவது போல் கூச்சமாக இருந்ததால், ஒரு வாரம் விரலை மட்டும் காட்டினேன்.

மூன்றாவது வாரமோ என்னவோ, ஜூலைத் தூறலில் சர்க்கரை குறைத்துக் கேட்டேன். அன்றுதான் காபியின் ருசி தெரிந்தது. எனக்குப் பிடிக்காமல் இருந்தது கசப்பு இல்லை, அதை மூடிய இனிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு நடக்க ஆரம்பித்தேன். 1965-லிருந்து இருக்கும் கடை. இட்லிக்குச் சாம்பார் கிடையாது, சட்னி மட்டும்தான். சாம்பார் இல்லாத இட்லியை மன்னிக்க வைத்தது அந்தக் காபி.

அப்புறம் பில்டர் வாங்கினேன். காந்தி பஜார் பக்கம் தூள் வாங்கப் போனால் கடைக்காரர், "சிக்கரி எஷ்டு?" என்றார். எவ்வளவு சிக்கரி போட வேண்டும் என்று கேட்கிறார். கலப்படத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கிறாரே என்று திகைத்துப் போனேன். சிக்கரி என்பது வறுத்து அரைத்த ஒரு வேர். அதில் கஃபீன் கிடையாது, டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கெட்டியும் தரும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், பாக்கெட்டில் விகிதமும் அச்சிட்டிருக்க வேண்டும். முதலில் 40 சதவீதம் சிக்கரி வாங்கினேன், பாகு மாதிரி இருந்தது. பிறகு வீம்புக்குச் சிக்கரியே இல்லாமல் வாங்கினேன், பால் ஊற்றியதும் காபி காணாமல் போனது. இப்போது 20-ல் நிற்கிறேன். காபிக்கொட்டையில் பாதி பீபெர்ரி, பாதி பிளான்டேஷன் ஏ என்று இரண்டு ரகம். சிக்கரி சேர்த்தாலே மட்டம் என்பவர்கள் பால் இல்லாமல் குடிப்பவர்களாக இருக்க வேண்டும்.

பில்டர் பழக இன்னும் இரண்டு மாதம் ஆனது. தூளை அழுத்தி அமுக்கினால் ஒரு சொட்டு இறங்காது. தளர விட்டால் தண்ணீராக ஓடும். துளை அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டிச் சுட்டெடுக்க வேண்டும் என்பது விடுதிக்கார அம்மாள் சொல்லித் தந்தது. மற்றபடி ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காபி இல்லை. ஆரம்பத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் குடித்துவிட்டு இரண்டு மணி வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அனுபவம் போதும்.

போன வருடம் அம்மா வந்திருந்தாள். அதே தர்ஷினிக்குக் கூட்டிப் போய் நிற்க வைத்தேன். முதலில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "ஏட்டி, எடம் நல்லாத்தான் இருக்கு. இங்க டீ கிடைக்காதா?" என்றாள்.