மெஸ் என்றால் சாப்பாடா, குளறுபடியா?

மேலாளர் உங்கள் எக்செல் கோப்பைப் பார்த்து ‘திஸ் இஸ் எ மெஸ்’ என்று எழுதியிருக்கிறார். திருவல்லிக்கேணி மெஸ்ஸில் சாப்பிடும் உங்களுக்கு அது திட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டுதான், ஆனால் கோப்புக்கு, உங்களுக்கு இல்லை. ‘யூ ஆர் எ மெஸ்’ என்றிருந்தால் கொஞ்சம் கவலைப்படலாம்.

இரண்டும் ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சில் ‘மெஸ்’ என்றால் பந்தியில் வைக்கும் ஒரு பங்கு உணவு. அப்புறம் சேர்ந்து உண்ணும் கூட்டத்துக்கும் அதே பெயர். ராணுவ மெஸ், நம் மேன்ஷன்காரர்களின் மெஸ் எல்லாம் அந்த வழி. இன்னொரு பக்கம், கால்நடைக்குக் கலந்து வைக்கும் தீனி ‘மெஸ்’ ஆனது. சாதம், சாம்பார், ரசம், மோர் எல்லாம் ஒன்றாய்க் கொட்டிய தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் குழப்பம் என்ற பொருள் நிலைத்தது.

தமிழில் ஒரே சொல் போதாது: அறை என்றால் அலங்கோலம், கணக்கு என்றால் குளறுபடி, ‘ஐ ஆம் இன் எ மெஸ்’ என்றால் சிக்கலில் மாட்டியிருக்கிறேன். ‘மெஸ் அப்’ என்றால் சொதப்புவது.

பதிலுக்கு ‘ஐ வில் கிளீன் இட் அப்’ என்று எழுதுங்கள், போதும்.