ஜனவரி இரவில் போடியிலிருந்து மூணாறுக்குப் பைக்கில் போவது சரியா? குளிரை எப்படித் தாங்குவது?

போடியில் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மூணாறு வரை பைக்கில் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எங்களைப் போல எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பிழைப்புக்காகக் கீழே இறங்கியவராகத்தான் இருக்க வேண்டும். ஊர் சுற்ற வருகிறவர் யாரும் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய கட்டாயத்தோடு கேட்பதில்லை. "இரவில் தங்கிவிட்டுக் காலையில் போனால் என்ன" என்று இங்கே பதில் எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடை அடைக்கும் நேரத்துக்கு எங்கள் எஸ்டேட் பக்கம் போகும் கடைசிப் பேருந்து போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும். கிடைக்கும் ஒரு நாள் விடுப்பில் பாதியை அறை வாடகை கொடுத்துப் போடியில் கழிக்க எங்களுக்கு வழியில்லை. துணிச்சலைக் காட்டுவதற்காக யாரும் அந்த மலையில் இரவில் ஏறுவதில்லை.

போகலாம். ஆனால் அந்தச் சாலையில் குளிர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். போடி சமவெளி, மூணாறு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அது நிற்பவனுக்கான கணக்கே தவிர ஓட்டுகிறவனுக்கானது அல்ல. 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றுப் படும் உடம்புக்கு அது 6 டிகிரி போலத் தெரியும். 5 டிகிரியாக இருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். மூணாறு முதல், மலைமேல் மாநில எல்லையில் இருக்கும் போடிமெட்டு வரை தேசிய நெடுஞ்சாலை 85 அகலப்படுத்தப்பட்ட பிறகு எல்லாரும் அதில் அறுபதில் போகிறார்கள். பழைய குறுகிய சாலையில் இருபதில் ஊர்ந்த காலத்தைவிட இப்போது கை அதிகமாக மரத்துப்போவது அதனால்தான். மேகமில்லாத, காற்றசையாத ஜனவரி இரவில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேட்டில் தாங்கிய குளிர் பள்ளத்தில் தாங்காமல் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் போகி இரவன்று, பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதற்காகத் தேவாரத்திலிருந்து வந்திருந்த என் தாய்மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு, இவ்வளவுதான் அவர் உடுத்தியிருந்தார். மலையேற்றம் தொடங்கும் முந்தலில் வண்டியை நிறுத்தி என்னிடமிருந்த இன்னொரு ஸ்வெட்டரை அவருக்குப் போட்டுவிட்டு, உள்ளே நெஞ்சோடு சேர்த்துச் செய்தித்தாளை மடித்து வைத்தேன். கம்பளியை அங்கேயே போட்டுவிட வேண்டும். உடம்பில் சூடு இருக்கும்போது போட்டால்தான் அந்தச் சூடு உள்ளே நிற்கும். மேலே போய் நடுங்கத் தொடங்கிய பிறகு போடுவதால் பெரிய பயன் இல்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் மாமா கதை பேசிக்கொண்டேதான் வந்தார். போடிமெட்டில் மூடுபனி சாரலாக இறங்கியதில் அவருடைய வேட்டி நனைந்துவிட்டது. நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

தோண்டிமலை தாண்டியதும் அவர் பேச்சு குறைந்தது. என்ன மாமா என்று கேட்டதற்கு, "தூக்கம் அசத்துது மாப்ளே, நிப்பாட்டாத, போ" என்றார். அந்தச் சொற்களே குழறி வந்தன. என் முதுகில் அதுவரை தெரிந்துகொண்டிருந்த அவருடைய நடுக்கமும் நின்றுவிட்டிருந்தது. நடுக்கம் நின்றதும் குளிர் விட்டுவிட்டது என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் நடுங்கிச் சூடு உண்டாக்கும் தெம்பையும் உடம்பு இழந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவரைப் போலக் கைகால் அசைக்காமல் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு இது சீக்கிரம் வரும். நம் கண்ணுக்குத் தெரியாமலும் வரும். நான் மருத்துவன் அல்ல. ஆனால் மலையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்.

பூப்பாறையில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அதை விட்டால் ஆனையிறங்கல் அணைப் பக்கம் தொடங்கிவிடும். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோன பிறகும் சின்னக்கானல் சுற்றுப்புறத்தில் யானைகள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே இருட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவரைக் கீழே இறக்கி உட்காரவைக்க முடியாது.

பாதிக் கதவு சாத்தியிருந்த ஒரு சாயாக்கடையில் விறகடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரச் சேட்டன் எதுவும் கேட்காமல் உள்ளே வரச் சொன்னார். ஈர வேட்டியை அவிழ்த்துவிட்டுத் தன்னுடைய காய்ந்த கைலியைக் கொடுத்தார். சர்க்கரை கூடுதலாகப் போட்டு இரண்டு கட்டன் சாயாவும் போட்டுக் கொடுத்தார். மரத்த கையை நேராக நெருப்பில் காட்டக் கூடாது, சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். கைகாலைத் தேய்க்கவும் கூடாது. முதலில் நெஞ்சும் வயிறும் சூடாக வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த ஏலத்தோட்ட ஜீப் ஓட்டுநர் நல்ல மனதோடுதான் ஒரு மிடறு பிராந்தி கொடுக்க வந்தார். நான் தடுத்துவிட்டேன். மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடுபோல உணரவைக்கும், உள்ளே இருக்கும் சூட்டையோ வெளியே விட்டுவிடும். மாமாவுக்கு அதில் வருத்தம். மூத்தவரைக் கூட்டத்தில் மறுத்துவிட்டேன் என்று இன்றும் விசேஷ வீடுகளில் சொல்கிறார். அவர் சொல்லட்டும், அன்று வேறு எதுவும் செய்திருக்க மாட்டேன்.

நெடுநேரம் கழித்து மாமாவுக்கு மறுபடி நடுக்கம் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நடுக்கம் அடங்கி அவர் தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகே கிளம்பினோம். ஜீப்காரர் தன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லி, பெரியகானல் வரை மெதுவாக முன்னால் ஓட்டினார். யானை பயத்துக்கும் அது துணை. மெதுவாகப் போனதால் காற்றும் அவ்வளவாக அடிக்கவில்லை. அதற்கடுத்து வரும் கேப் ரோடு என்ற மலைச்சாலையில் பனி மூடியிருந்தது. அங்கே விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்துவைத்தால் மூச்சுப் பட்டு மங்காது.

விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்கச் சொல்லி எழுதியவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுப் புகாத மழைக்கோட்டு, கையுறை, காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, மாற்றுத்துணி, இவை இருந்தால் போதும். பின்னால் இருப்பவருக்கும் இதே அளவு வேண்டும். அவரை விடாமல் பேச வையுங்கள்.

போடிமெட்டுச் சோதனைச்சாவடி விளக்கடியில் கட்டாயம் நிறுத்துங்கள். இருவரும் கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். யாராவது ஒருவரால் முடியவில்லையென்றால் மேலே போகாதீர்கள். அங்கிருந்து மூணாறுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, போடி அதைவிடப் பக்கம், இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் குளிரும் குறையும்.