முதல் ஸ்டார்ட்டை வைத்து ஒரு குவார்ட்டர்பேக்கை எடை போட முடியுமா?

கேள்வி இது: “அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் இளம் குவார்ட்டர்பேக் முதல்முறை ஸ்டார்ட் செய்யும் ஆட்டத்தைப் பார்த்தே அவன் தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிட முடியுமா? ரசிகர்கள் ஏன் இதற்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள்?”

முடியாது. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்; ஸ்டார்ட் என்றால் ஆட்டத் தொடக்கத்திலிருந்தே களத்தில் இறங்குவது. முதல் ஸ்டார்ட் அந்தப் பையனைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. அவனைச் சுற்றியிருக்கும் அணியைப் பற்றித்தான் நிறையச் சொல்லும். இதற்கு 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் கிளெம்சன் பல்கலைக்கழக அணிக்கு நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான் தென் கரோலைனாவின் மேல் பகுதியில் வசிக்கிறேன். கிளெம்சன் ஊருக்குள் நுழைந்தால் சாலையிலேயே ஆரஞ்சு நிறத்தில் புலிப் பாதம் வரைந்திருப்பார்கள். சிறிய கல்லூரி ஊர்தான். ஆனால் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் திங்கள் காலையிலேயே ஆபீசில் பேச்சு தொடங்கிவிடும். அந்த வாரம் பேசுவதற்கு வேறு விஷயமே இல்லை.

பின்னணி இதுதான். கெல்லி பிரையன்ட் கடைசி வருட மாணவர். 2017 சீசன் முழுக்க 14 ஆட்டங்களிலும் ஸ்டார்ட் செய்தவர். அந்த வருடம் அணி தன் மாநாட்டின் (கல்லூரி அணிகள் சேர்ந்த குழுவின்) பட்டம் வென்றது, தேசிய அரையிறுதி வரை போய் அலபாமாவிடம் 24-6 என்று தோற்றது. மறுபக்கம் டிரெவர் லாரன்ஸ். ஜார்ஜியாவின் கார்ட்டர்ஸ்வில் ஊர்ப் பையன், தோளில் விழும் பொன்னிற முடி, அந்த வருடம் நாட்டிலேயே முதலிடத்தில் மதிப்பிடப்பட்ட பள்ளி வீரர்களில் ஒருவர். கோச் டாபோ ஸ்வின்னி முதல் நான்கு ஆட்டங்களில் இருவரையும் மாறி மாறி இறக்கினார். ஸ்டார்ட் செய்தது பிரையன்ட்தான். நான்காவது ஆட்டத்தில் ஜார்ஜியா டெக் அணிக்கு எதிராக லாரன்ஸ் இடையில் வந்து 4 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் பிடிக்கப்பட்டு 6 புள்ளி தரும் எறிதல்) போட்டார். அடுத்த திங்கட்கிழமை, இனி ஸ்டார்ட்டர் லாரன்ஸ் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு நாளில் பிரையன்ட் அணியை விட்டே போய்விட்டார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. “தோற்காத அணியில் கேப்டனை ஏன் மாற்ற வேண்டும்?” என்று ஒரு பக்கம். “நாலு ஆட்டம் பார்த்தாயிற்று, பையன் கைதான் கை” என்று இன்னொரு பக்கம். அப்புறம் மூன்றாவதாக ஒரு கோபம் கிளம்பியது. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. சீசன் நடுவில் நண்பர்களை விட்டுவிட்டு ஓடிவிட்டான், துரோகி என்று பிரையன்ட்டைத் திட்டினார்கள்.

அந்த வாரத்தின் கணக்கை இவர்கள் பார்க்கவே இல்லை. ரெட்ஷர்ட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அப்போது ஒரு மாணவருக்கு விளையாடக் கிடைத்தது மொத்தம் நான்கு சீசன். ஒரு சீசனை ஆடாமல் கழித்தால் அது கணக்கில் சேராது. 2018 ஜூனில்தான் இந்த விதியைத் தளர்த்தி, நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த சீசன் கணக்கில் சேராது என்றார்கள். பிரையன்ட் அப்போது நான்கு ஆட்டம் ஆடியிருந்தார். அடுத்த சனிக்கிழமை சிராக்யூஸ் அணியோடு நடக்கவிருந்தது ஐந்தாவது. அதில் ஒரே ஒரு ப்ளேவுக்கு (பந்தை ஒருமுறை நகர்த்தும் முயற்சிக்கு) இறங்கினாலும் அவருடைய கடைசி வருடம் முடிந்தது. டிசம்பரில் பட்டம் வாங்கப் போகிறவர், வேறு கல்லூரிக்குப் போய் அடுத்த வருடம் உடனே ஆடலாம். ஆக, அவர் முடிவெடுக்க வேண்டிய வாரம் அதுதான். பத்து நாள் கழித்து யோசித்துப் பயனில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது என்று அவரே பேட்டியில் சொன்னார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு திட்டியவர்கள், அவர் இடத்தில் தங்கள் மகன் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர் பிறகு மிசூரி பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆடினார். அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். லாரன்ஸை ஸ்டார்ட்டர் ஆக்கிய கோச்சின் முடிவும் சரிதான். இரண்டும் சேர்ந்தே சரியாக இருக்க முடியும் என்பதை ரசிகர்களிடம் அந்த வாரம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். செப்டம்பர் 29. முந்தைய வருடம் இதே சிராக்யூஸ்தான் கிளெம்சனை 27-24 என்று கவிழ்த்திருந்தது. லாரன்ஸின் முதல் ஸ்டார்ட் அரை ஆட்டம்கூட முழுதாக நீடிக்கவில்லை. இரண்டாம் கால்பகுதியில் பந்தோடு ஓரமாக ஓடியவர் பலமாக அடி வாங்கிக் கீழே விழுந்தார். இரண்டாம் பாதியில் இறங்கவே இல்லை. மொத்தக் கணக்கு, எறிந்த 15 பாஸில் பிடிபட்டது 10, முன்னேறியது வெறும் 93 யார்டு, டச்டவுன் ஒன்றுமில்லை.

அவருக்குப் பின்னால் அனுபவமுள்ளவர் யாருமில்லை. பிரையன்ட் மூன்று நாள் முன்புதான் போயிருந்தார். பெரிய பெயரோடு சேர்ந்திருந்த ஹன்டர் ஜான்சன் சீசன் தொடங்கும் முன்பே நார்த்வெஸ்டர்ன் கல்லூரிக்கு மாறியிருந்தார். இறங்கியவர் சேஸ் பிரைஸ். வாரம் முழுக்க நடந்த சண்டையில் அவர் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நான்காம் கால்பகுதியில் கிளெம்சன் 10 புள்ளி பின்தங்கியிருந்தது. பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் டிராவிஸ் எட்டியன் ஒரு டச்டவுன் ஓடி அதை 23-20 ஆக்கினார்.

அதற்குப் பிறகு வந்த கடைசி டிரைவ், அதாவது பந்தோடு தொடர்ந்து முன்னேறும் முயற்சி, அதுதான் ஆட்டம். சொந்த 6 யார்டு கோட்டிலிருந்து 94 யார்டு போக வேண்டும். பந்தை மறுபடி மறுபடி எட்டியன் கையில் கொடுத்து, கோச்சுகள் பிரைஸின் பாரத்தைக் குறைத்தார்கள். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நடுக்களத்தில் நான்காம் டவுன், 6 யார்டு வேண்டும். தவறினால் கிட்டத்தட்ட கதை முடிந்தது. பிரைஸ் எறிந்தார், டீ ஹிகின்ஸ் பிடித்தார், 20 யார்டு. அடுத்த ப்ளேயில் பிரைஸ் தானே பந்தை வைத்துக்கொண்டு 17 யார்டு ஓடினார். 41 விநாடி மிச்சமிருக்கும்போது எட்டியன் 2 யார்டு முட்டி உள்ளே போனார். கிளெம்சன் 27-23. எட்டியன் அன்று ஓடியது 203 யார்டு.

ஒரு வாரம் முழுக்க இரண்டு குவார்ட்டர்பேக்குகளுக்காக அடித்துக்கொண்டார்கள். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது மூன்றாவது ஆளும், ஒரு ரன்னிங் பேக்கும், அவருக்கு வழி திறந்துவிட்ட லைன்காரர்களும். லைன்காரர்களின் பெயர் அன்றும் பேச்சில் வரவில்லை.

அந்த 93 யார்டை வைத்து லாரன்ஸைப் பற்றி என்ன சொல்லியிருக்க முடியும்? உடம்பு தாங்காது என்று சொன்னவர்கள் உண்டு. அடுத்த வாரமே திரும்பி வந்தார்; வேக் ஃபாரஸ்ட் மைதானத்தில் 63-3. அந்த சீசனில் அணி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. 2019 ஜனவரி 7 இறுதிப் போட்டியில் அலபாமாவை 44-16 என்று அடித்தார்கள். லாரன்ஸ் 347 யார்டு, 3 டச்டவுன். முதல் வருட மாணவர் ஒருவர் குவார்ட்டர்பேக்காக நின்று தேசியப் பட்டம் வென்றது 1985 ஓக்லஹோமா அணிக்குப் பிறகு அப்போதுதான். 2021-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

அதே கல்லூரியில் நேர் எதிரான முதல் ஸ்டார்ட்டும் உண்டு. 2014-இல் டெஷான் வாட்சன் முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது வட கரோலைனாவுக்கு எதிராக 6 டச்டவுன் பாஸ். அவரும் பிற்பாடு தேசியப் பட்டம் வென்றார். ஆக 6 டச்டவுன் போட்டவரும் வென்றார், ஒன்றுகூடப் போடாதவரும் வென்றார்.

சமீபத்தில் இதே சண்டை டெக்சாஸ் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்கை வைத்து நடந்தது. என்எஃப்எல் குவார்ட்டர்பேக்குகளாக இருந்த பேட்டன், ஈலை இருவருக்கும் அண்ணன் மகன், அவர்களுக்கு முன்பே அங்கே ஆடிய ஆர்ச்சி மேனிங்கின் பேரன். பெயரே பாதிச் சுமை. 2024-இல் அணியின் ஸ்டார்ட்டர் குவின் யூவர்ஸ் காயத்தில் இருந்தபோது முதல் ஸ்டார்ட், 51-3 வெற்றி. உடனே தலையில் தூக்கி வைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 30 ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில் 30 பாஸில் 17, 170 யார்டு, 14-7 தோல்வி. உடனே கீழே போட்டார்கள். அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் ஜூலியன் சயினுக்கும் அதுதான் முதல் ஸ்டார்ட். அவர் எடுத்தது 126 யார்டுதான். ஆனால் அந்த சீசன் முடிவில் அவர் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தார். டெக்சாஸும் நவம்பரில், அதுவரை தோற்காமல் வந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை ஆர்ச்சை வைத்தே வீழ்த்தியது.

முதல் ஸ்டார்ட்டில் யார்டு குறைவாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. கோச் பிளேபுக்கில் (அணியின் ஆட்டத் திட்டங்களில்) பாதியை மூடி வைத்துவிடுவார். சின்ன பாஸ், ஓட்டம், பாதுகாப்பான பக்கம். எதிரணி அது தெரிந்து ரன்னை அடைக்க ஆட்களை முன்னால் குவிக்கும். அப்போது பையன் என்ன செய்வான் என்று பார்க்க மூன்றாம் டவுனில் 8, 9 யார்டு வேண்டிய இடங்களைக் கவனியுங்கள். முதலில் பார்த்த ஆள் மறைக்கப்பட்டால் கண் அடுத்த ஆளுக்குப் போகிறதா? வழியில்லாதபோது பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த ப்ளேவுக்கு வருகிறானா, இல்லை கையிலேயே வைத்திருந்து அடி வாங்குகிறானா? ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி கைக்குப் போகும் பாஸ்) போட்ட பிறகு அடுத்த சீரிஸில் அதே வேகத்தில் எறிகிறானா? ஸ்கோர்கார்டில் இவை எதுவும் வராது.

ரசிகர்கள் அடித்துக்கொள்வதற்குக் காரணம் நேரம்தான். கல்லூரி சீசனில் வழக்கமாக 12 ஆட்டம். இரண்டு தோற்றால் பட்டக் கனவே ஆட்டம் காணும். பொறுத்திருந்து பார்க்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை. அந்தப் பதற்றம் எனக்கும் உண்டு, சனிக்கிழமைகளில் நானும் கத்துகிறவன்தான். ஆனால் இவர்கள் 18, 19 வயதுப் பிள்ளைகள்; திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறவர்கள். கோச்சின் முடிவைத் திட்டுங்கள், அவர் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்.

எப்போதுதான் தீர்ப்புச் சொல்லலாம் என்று கேட்டால், நான்கைந்து ஆட்டம் ஆகட்டும். எதிரணிக் கோச்சுகளின் கையில் அவனுடைய ஃபிலிம் போதுமான அளவு சேர்ந்திருக்கும், அவனுக்குப் பிடித்த பாஸ் எது என்று தெரிந்து அடைப்பார்கள். அதில் ஒன்றாவது வெளியூர் மைதானமாக இருக்க வேண்டும். சத்தத்தில் சொந்த லைனுக்கே குரல் கேட்காத இடம். அங்கே அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு வாருங்கள், நானும் விவாதிக்கத் தயார்.