வடக்கந்தறையில் வாடகையா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்த வீடா?

வாசகி ஒருவரின் கேள்வி: "நாங்கள் பாலக்காடு வடக்கந்தறையில் பதினொரு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகை 11,000 ரூபாய். நான் சுல்தான்பேட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு 68,000 ரூபாய் வருகிறது. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக்கு நடந்தே போகிறாள். மாமியாருக்கு இந்தத் தெருவை விட்டால் பேச ஆள் கிடையாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் 6 சென்ட் இடத்தில் ஒரு வீடு 38 லட்சத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் சேமிப்பு 12 லட்சம். கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் 'நிலம்' என்று போட்டிருக்கிறது. தரகர் அது பெரிய விஷயமில்லை என்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் டோக்கன் கேட்கிறார். வடக்கந்தறையில் வீடு வாங்க எங்களால் இப்போது முடியாது. வாடகைப் பணமெல்லாம் வீண் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?"

டோக்கன் பணத்தை இந்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் நிதானமாக யோசிக்கலாம். இது ஒன்றை மட்டும் உடனே சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் நிலம் என்றால் எந்த இடத்தையும் குறிக்கும். கேரள வருவாய்க் கணக்கில் அப்படியல்ல. அங்கே 'நிலம்' என்றால் நெல் வயல், 'புரையிடம்' என்றால் வீடு கட்டத்தக்க மேட்டுப் பகுதி. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஒரு சொல்தான் ஒரு மனையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் நெல் வயல்களின் பட்டியல் ஒன்று உண்டு, டேட்டா பேங்க் என்பார்கள். உங்கள் இடம் அதில் இருந்தால் அது பாதுகாக்கப்பட்ட வயல். வேறு இடமில்லாத உரிமையாளர் தான் குடியிருப்பதற்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரையும் நகராட்சியில் 5 சென்ட் வரையும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரையோடு அனுமதி பெறலாமே தவிர, விற்பதற்காக வீடு கட்டுகிறவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பட்டியலில் இல்லாமல் ரசீதில் மட்டும் 'நிலம்' என்று இருந்தால் வழி இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) நிலையிலுள்ள அதிகாரியிடம் விண்ணப்பித்து, தன்மை மாற்ற உத்தரவு வாங்கி, வில்லேஜ் ஆபீஸ் கணக்கையும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், சில வேளைகளில் கட்டணமும் உண்டு. அந்த அலைச்சலை விற்பவர் பட்டு முடித்த பிறகுதான் நீங்கள் பணம் கொடுக்க வேண்டும்.

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்த காலத்தில் கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் தாலுகாவிலிருந்து வந்த கோப்புகளில் இந்தச் சிக்கலைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆதாரம் (கிரயப் பத்திரம்) சரி, முன்னாதாரம் (முந்தைய பத்திரம்) சரி, குடிக்கடச் சான்றில் (வில்லங்கச் சான்று) வில்லங்கம் ஏதும் இல்லை, வீட்டுக்கு ஊராட்சி எண்கூட இருக்கும். கடைசித் தாளாக வரும் கர ரசீதில் வகை என்ற கட்டத்தில் 'நிலம்' என்று அச்சாகியிருக்கும். வங்கியின் வழக்கறிஞர் அந்த ஒரு கட்டத்தை வட்டமிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குள் வாங்குகிறவர் டோக்கன் கொடுத்து, பழைய வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லியிருப்பார். அப்படி நின்ற குடும்பங்களின் முகங்களை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ரசீதில் உள்ள சர்வே எண்ணோடு அந்த ஊராட்சியின் கிருஷி பவனுக்கு (வேளாண் அலுவலகம்) நீங்களே போய், டேட்டா பேங்கில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிட அனுமதி எந்த ஆண்டு, யார் பெயரில், என்ன அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்பதை ஊராட்சியில் பாருங்கள்.

இனி, இடம் முழுக்கச் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு பணத்தைப் பார்ப்போம். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு 3,80,000 ரூபாய். இந்தச் செலவை வங்கி வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் தராது. 30 லட்சம் கடன் வாங்கினால் கையிலிருந்து 8 லட்சமும் பதிவுக்கு 3.8 லட்சமும் ஆக 11.8 லட்சம் போகும். ஆதாரம் எழுதுகிறவர் கூலி, வங்கியின் சட்டக் கருத்து, மதிப்பீடு, குடிபோகும் செலவு இவற்றுக்கு மிச்சமிருப்பது 20,000 ரூபாய். பிறகு மாமியாருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகைதான் அடகுக்குப் போகும்.

வட்டி 8.5 சதவீதம், தவணை 20 ஆண்டு என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 4,785 ரூபாய்தான். வாடகை வீண் என்கிற உறவினர்களிடம் இதைக் காட்டுங்கள். உங்கள் மகள் பிளஸ் டூ முடிக்க இன்னும் ஐந்து கல்வியாண்டுகள் உள்ளன. அந்த ஐந்தாண்டில் தவணையாக 15.6 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசல் குறைந்திருப்பது சுமார் 3.55 லட்சம், மீதி 12 லட்சத்துக்குச் சற்றே மேல் வட்டி. இதே ஐந்தாண்டில், ஆண்டுக்கு 5 சதவீதம் வாடகை ஏறினாலும், நீங்கள் கொடுக்கும் மொத்த வாடகை 7.3 லட்சம். வாடகை திரும்பி வராது என்பது உண்மை. அந்த 12 லட்ச வட்டியும் திரும்பி வராது. வருமான வரியில் புதிய முறையில் இருப்பவர்களுக்கு, தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

வீட்டு விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 38 லட்சம் ஐந்தாண்டில் 48.5 லட்சம் ஆகும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வாடகைக்கும் தவணைக்கும் உள்ள வித்தியாசம் இன்று மாதம் 15,000 ரூபாய். வாடகை ஏற ஏற அது குறைந்தாலும், ஐந்தாண்டு சேர்த்தால் வட்டி இல்லாமலே 8.3 லட்சம், இப்போதுள்ள 12 லட்சத்தோடு 20.3 லட்சம், வட்டியையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தத் தொகையோடு அப்போது வாங்கினால், விலை ஏறியிருந்தாலும், கடன் இன்றைய 30 லட்சத்தைத் தாண்ட வேண்டியிருக்காது. இதெல்லாம் நீங்கள் அந்த வித்தியாசத்தை மாதந்தோறும் உண்மையாகவே எடுத்து வைத்தால்தான். வீட்டுக்கடனின் பெரிய நன்மையே அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது என்பதுதான். கட்டாயம் இல்லாமல் சேமிக்க இயலாத குடும்பம் என்றால் என் யோசனை வேறாக இருக்கும். வாடகையில் இருந்துகொண்டே 12 லட்சம் சேர்த்தவர்கள் நீங்கள். உங்களைப் பற்றி எனக்கு அந்தக் கவலை இல்லை.

பணத்தைவிட இடம்தான் உங்கள் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். வேலந்தாவளம் சாலையிலிருந்து பாலக்காட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் மாதம் இருபத்தைந்து வேலை நாளில் ஐம்பது மணி நேரம் பஸ்ஸில் போகும். அதுவும் உங்கள் ஒருவருடைய கணக்கு மட்டுமே. மகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டும் அல்லது அவளும் அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும். கணவருக்கு இரவு ஷிப்ட் முடிந்து கஞ்சிக்கோட்டிலிருந்து அந்தப் பக்கம் இருட்டில் வண்டி ஓட்டுகிற பாடு தனி. இன்று நீங்கள் கடையில் கணக்கு முடிக்கத் தாமதமானால் யாரோ ஒருவர் மகளுக்கு டிபன் கொடுக்கிறார், மாமியார் மாத்திரை போட்டாரா என்று எட்டிப் பார்க்கிறார். பதினொரு ஆண்டில் சேர்ந்த இந்த உதவிக்கு எந்த வங்கியும் மதிப்புப் போடாது. அது இல்லாத ஊரில் அதையே சம்பளம் கொடுத்து வாங்கும்போதுதான் விலை தெரியும். வயதானவர்களை இடம் மாற்றுவதில் நான் மிகவும் தயங்குவேன். தெருவில் நான்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஒருவர், சுற்றுச்சுவர் கட்டிய தனி வீட்டில் பகல் முழுவதும் தனியாக இருந்து தளர்ந்துபோவதை என் சொந்தக் குடும்பத்திலேயே பார்த்தேன்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம், கேரளத்தின் மற்ற இடங்களைப் போல மழை கிடையாது. அதே தாலுகாவின் பிளாச்சிமடையில் 2002இல் மக்கள் போராடியதே நிலத்தடி நீருக்காகத்தான். வீடு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் போய், பச்சையைப் பார்த்து மயங்கி வருகிறார்கள். மீன மாதத்தில், அதாவது பங்குனியில், ஒரு வீட்டுக்கு மதிப்பீட்டுக்குப் போயிருந்தேன். மோட்டாரைப் போட்டதும் குழாயிலிருந்து இரண்டு நிமிடம் தண்ணீரும் பிறகு வெறும் காற்றும் வந்தன, பின்கட்டில் லாரித் தண்ணீருக்காக நீல டிரம்கள் ஐந்து வரிசையாக நின்றன. அந்தப் பகுதியில் எந்த வீட்டையும் மீனத்திலோ மேடத்திலோ (சித்திரை) ஒரு முறை பார்க்காமல் வாங்காதீர்கள்.

எல்லையைத் தாண்டி வாளையாருக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் பார்க்கலாமா என்றும் சிலர் சொல்வார்கள். அங்கே முத்திரைத் தீர்வையும் பதிவும் சேர்த்து 9 சதவீதம், பட்டா முறையும் வேறு. கணவருக்குக் கஞ்சிக்கோடு எட்டும் தூரம்தான்; ஆனால் மகளின் படிப்பு நடுவில் மாநிலப் பாடத்திட்டம் மாறும். இப்போதைக்கு அது வேண்டாம்.

ஆகவே, மகளின் பிளஸ் டூ வரை வடக்கந்தறையிலேயே இருங்கள் என்பதுதான் என் தெளிவான யோசனை. குடியிருக்கும் இடமும் சொத்து இருக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஐந்தாண்டு கழித்துச் சேர்ந்த பணத்தோடு அதே பகுதியில் 3 சென்ட்டில் ஒரு பழைய வீடு கிடைத்தால், அது கிழக்கே உள்ள 6 சென்ட்டைவிட உங்களுக்கு உதவும். தெருவில் யார் விற்கப் போகிறார்கள் என்பது தரகருக்குத் தெரியும் முன்னரே அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியவரும்.

வாடகையில் உள்ள உண்மையான பயம், திடீரென்று காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்பது. அதற்கு மருந்து இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டிட வாடகைச் சட்டம் அமலில் உள்ள பகுதிகளில், வாடகை பாக்கி, உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்களைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிலாக மூன்றாண்டு ஒப்பந்தம் கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால்தான் செல்லும். அந்தச் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். ஆண்டு வாடகை உயர்வு எத்தனை சதவீதம், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வீட்டை விற்பதானால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்பன அதில் எழுத்தில் இருக்கட்டும். பதினொரு ஆண்டு தவறாமல் வாடகை கொடுத்தவரிடம் மறுப்புச் சொல்ல உரிமையாளருக்கு எளிதாக இராது. வெள்ளிக்கிழமை தரகரைப் பார்க்கப் போவதற்குப் பதில், அன்று மாலை கணவரோடு உரிமையாளர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.