றோயல் ஜெலி: வன்னியிலிருந்து கேட்ட கேள்விகளும் பதில்களும்

ஒட்டுசுட்டான்: அண்ணை, இது தேனின்ர ஒரு வகையோ?

இல்லை. இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலைச் சுரப்பிகள் சுரக்கிற வெள்ளைக் கூழ். எல்லாப் புழுக்களுக்கும் முதல் மூன்று நாள் கிடைக்கும், ராணியாகப் போகும் புழுவுக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மிச்சம் புரதம், சீனி, கொழுப்பு. புளிக்கும், தொண்டையில் சுள்ளென்று பிடிக்கும். வெறும் இனிப்பாக இருந்தால் தேன் கலந்தது.

மாங்குளம்: ராணி வருசக்கணக்கில இருக்குதே, எங்களுக்கும் ஆயுள் கூடாதோ?

கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. புழுப் பருவத்தில் இந்த உணவு எந்த மரபணு வேலை செய்வது என்பதை மாற்றுகிறது. வளர்ந்த மனிதரில் அந்த மாற்றம் நடக்காது, புரதமும் வயிற்றில் செரித்துவிடும். கொலஸ்ட்ரோல் கொஞ்சம் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, ஆனால் சிறியவை. 2011இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை இதன் ஆரோக்கியக் கூற்றுகளை நிரூபிக்கப்படாதவை என்று தள்ளியது. சீனி வருத்தக் குளிசையை நிறுத்திவிட்டு இதை எடுக்கவே வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: மகளுக்குத் தொய்வு. சளிக்குக் குடுக்கலாமோ?

குடுக்காதேங்கோ, அம்மா. தொய்வும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு ஒரு துளிகூட மூச்சை அடைக்கலாம். அவுஸ்திரேலியாவில் 1990களில் மரணமும் பதிவாகியிருக்கிறது. தேனீ குத்தி வீங்காதவருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஏனென்றால் விசத்திலுள்ள புரதம் வேறு, இதிலுள்ளது வேறு. உதடு வீங்கினாலோ, தொண்டை கடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.

நெடுங்கேணி: ஐயா, வார்பரின் குடிக்கிறன்.

வேண்டாம். வார்பரின் இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற குளிசை, இதோடு சேர்ந்தால் இரத்தப்போக்கு கூடும்.

துணுக்காய்: எங்கட பெட்டியில எடுக்கேலாதோ?

எடுக்கலாம், ஆனால் மிகக் கொஞ்சம். ஐரோப்பியத் தேனீயின் ஒரு ராணி அறையில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கிடைக்கும், எங்கட தேனீயின் அறை சிறிது. ராணியைப் பிரித்த கூட்டில், ஒரு நாளுக்கு உட்பட்ட புழுக்களை மெழுகுக் கிண்ணங்களுக்கு மாற்றி, 70 மணித்தியாலம் அளவில் வெளியே எடுங்கோ. பிந்தினால் புழுவே தின்று முடித்துவிடும். முதலில் புழுவை முழுசாக எடுத்தபிறகு மரக்கரண்டியால் கூழை வழியுங்கோ. புழு நசிந்தால் அந்த அறைக் கூழை எறியுங்கோ. மகரந்தம் வராத வறட்சியில் தொடங்கினால் கூழே சுரக்காது. அடிக்கடி திறந்தால் எங்கட தேனீ கூட்டைவிட்டே ஓடிவிடும்.

வடித்து, நிறப் போத்தலில் அடைத்து உடனே பிரிஜ்ஜில் வையுங்கோ. மாதக்கணக்கில் வைக்கிறதென்றால் உறைநிலையில், −18 பாகையில். வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் ஐஸ் பெட்டி வேணும், வெறும் பையில் வைத்தால் மஞ்சளாகிப் பழுதாகிவிடும்.