ஏரிக்காரர்கள், மரக்காரர்கள், குப்பைக்காரர்கள் கூடும் நாள்: கேள்வி பதில்

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலும் புறநகரிலும் தங்கள் பகுதி ஏரி, மரம், குப்பை, கடற்கரை என்று வேலை செய்கிற குடிமக்கள் குழுக்கள் ஒரே இடத்தில் கூடுகின்றன. இப்படிப்பட்ட கூட்டங்களைப் பல வருடங்களாக ஏற்பாட்டாளர் பக்கமிருந்து பார்த்தவள் என்பதால், வந்த கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நான் எந்தக் குழுவிலும் இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டு. தனியாக வரலாமா? (மாணவர், வேளச்சேரி)

தாராளமாக வா தம்பி. காலையில் வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள். உனக்கு வேண்டியது டீ இடைவேளையில்தான் கிடைக்கும். உங்கள் தெருவில் உன்னை உறுத்துகிற ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வா. 'சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்யணும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'விஜயநகர் பக்கம் மழை நின்று மூன்று நாளாகியும் தண்ணீர் வடியவில்லை, ஏன்?' என்று கேட்டுப் பார், நாலு பேர் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்கள் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'இது எங்கள் வேலை இல்லை' என்கிறார்கள். கூட்டத்துக்கு வந்தால் மட்டும் என்ன ஆகிவிடும், மேடம்? (நலச்சங்கச் செயலாளர், செம்பாக்கம்)

சார், பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஏரி யாருடையது என்று பார்த்துவிட்டு வாருங்கள். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீரில் பாசனமாகும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருந்தன. பாசனம் போய் வீடுகள் வந்த பிறகும் பதிவேடு பழையபடியே இருக்கும். நகராட்சியும் மாநகராட்சியும் வந்த இடங்களில் குழப்பம் இன்னும் கூடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் போல வனத்துறையின் கையில் இருக்கும் நீர்நிலைகளும் உண்டு. புல எண் (சர்வே எண்) தெரிந்தால், நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும், நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்பட நகலையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துவிடலாம். கூட்டத்துக்கு வரும்போது அந்த இரண்டு தாள் கையில் இருந்தால், மற்றவர்கள் உங்களோடு பேசுகிற விதமே வேறாக இருக்கும்.

அடுத்தது படங்கள். தேதியோடு எடுங்கள், அதுவும் வெயில் காலத்தில். ஒரு சொட்டு மழை இல்லாத மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது என்ன தண்ணீர் என்று யாரும் வாதாட முடியாது. நவம்பரில் எடுத்த படத்தைக் காட்டினால் 'மழைத் தண்ணீர்தானே' என்று அனுப்பிவிடுவார்கள்.

பதில் வராத அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அதைத் தட்டிக்கழிப்பது சுலபம். 'இந்தப் புல எண்ணில் உள்ள ஏரியைப் பராமரிக்கும் துறை எது, கடைசியாகத் தூர்வாரிய வேலையின் ஆவண நகல் தேவை' என்று கேளுங்கள். மனு எழுதிப் பழகியவர்கள் அன்று ஒரு மேசையில் இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. உங்கள் ஏரி தனி ஏரி இல்லை. சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து உபரிநீர் செம்பாக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக்கு இறங்கி, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் தாண்டி பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. மேல் ஏரியின் கலங்கலை, அதாவது உபரிநீர் வழிகிற இடத்தை, உயர்த்தினால் கீழ் ஏரி காயும். கீழே போக்குக் கால்வாய் அடைபட்டால் மேலே வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஆனாலும் இந்த ஏரிக் குழுக்களில் பல ஒன்றோடொன்று பேசியதே கிடையாது. அதனால் இந்த முறை வார்டு வாரியாக உட்கார வைக்காமல், தண்ணீர் ஓடும் வரிசையில் மேசை போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மேசையில் ஒரு பக்கம் சிட்லபாக்கத்துக்காரர், மறுபக்கம் நன்மங்கலத்துக்காரர். நீங்கள் வர வேண்டியது அதற்காகத்தான்.

கூட்டம் முடிவில் மரக்கன்று நடுவோமா? (அண்ணாநகர்)

இல்லை. சிலருக்கு வருத்தம்தான். ஆகஸ்ட்டில் நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை தண்ணீர் ஊற்றப் போவது யார்? அதைவிட, எல்லா இடத்திலும் மரம்தான் வேண்டும் என்ற எண்ணத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பள்ளிக்கரணை, புல்லும் கோரையும் ஆழமில்லாத தண்ணீருமாகக் கிடக்கும் கழுவெளி. 2022-இல் அதற்கு ராம்சர் தகுதி (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்ததும் அப்படி இருப்பதால்தான். ஏரியைக் கிண்ணம்போல் ஆழமாக வெட்டி, நடுவில் திட்டு போட்டு, சுற்றி நடைபாதை கட்டினால் பார்க்க அழகுதான். கரையோரம் கணுக்கால் ஆழத் தண்ணீரில் இரை தேடுகிற உள்ளானும் கொக்கும் எங்கே போகும்? தெருவில் நடுவதென்றால் புங்கன், பூவரசு, மகிழம் பற்றி மரக் குழுவினரிடம் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு உண்டா? என்ன கொண்டுவர வேண்டும்?

சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல். தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில் உங்களுடையது. பேப்பர் கப் கேட்காதீர்கள். அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஃபிளெக்ஸ் பேனரும் கொண்டுவராதீர்கள், பழைய வேட்டியில் எழுதிக் கட்டுங்கள்.

மாடியில் மக்கும் குப்பைத் தொட்டி வைத்தோம். நாற்றம், புழு. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். (கொளத்தூர்)

ஈரம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். காய்கறிக் கழிவு ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ அதே அளவாவது மேலே போடுங்கள். சோறு, குழம்பு வேண்டாம். நாலு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்து வாருங்கள், மோந்து பார்த்தே சொல்லிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரரையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.

கம்பெனிகளிடம் பணம் வாங்க வழி சொல்வீர்களா? (ஆவடி)

சொல்வோம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. பதிவில்லாத குழுவிடம் அந்தப் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள். சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும், ஆனால் அதற்குப் பிறகு கணக்கு, தணிக்கை, வரிப் பதிவு என்று வேலை நீளும். தூர்வாரப் பணம் சுலபமாகக் கிடைக்கும், பெயர்ப்பலகை வைக்கலாம் இல்லையா? அடுத்த ஐந்து வருடம் ஆகாயத்தாமரை அள்ளப் பணம் தருவீர்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பையனைக் கூட்டி வரலாமா? ஆமை நடை உண்டா? (பெசன்ட் நகர்)

கூட்டி வாருங்கள். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள்) நம் கரைக்கு முட்டையிட வருவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அதுவும் ராத்திரியில். அந்த நடைகளை நடத்துகிற மாணவர் குழு 1988 முதல் வேலை செய்கிறது. வந்தால் எப்படிச் சேருவது என்று தெரிந்துகொள்ளலாம்.

தெற்குச் சென்னைக்காரர்கள் ஏரிக்குப் போய்ச் செல்ஃபி எடுக்கிறீர்கள். எங்கள் ஆற்றில் எண்ணெயும் சாம்பலும். எங்களை மேடையேற்றிக் கண்ணீர் விடவைக்கத்தான் கூப்பிடுகிறீர்களா? (மீனவர், எண்ணூர்)

அண்ணே, கோபம் நியாயம். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோதும், அள்ள இறங்கியவர்களில் உங்கள் ஆட்களும் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை எண்ணூர் பேச்சு முதல் அமர்வில், வரவேற்புரைக்கும் முன்னால். பூண்டி ஏரியில் திறக்கும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி உங்கள் முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. மேலே இருக்கிற குழுக்கள் உங்களுக்கு என்ன செய்து தர முடியும் என்பதை நீங்கள் கேட்டு வாங்குங்கள். ஆற்றில் எங்கே ஆழம் குறைந்தது, எந்த மீன் எந்த வருடம் நின்றது என்று பெரியவர்கள் சொல்வதை வரைபடத்தில் குறிக்க இரண்டு பிள்ளைகளை ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்தப் படம் உங்களிடமே இருக்கும். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது உதவும்.

ஒவ்வொரு முறையும் கூட்டம் முடிந்ததும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். மறுவாரம் அதில் காலை வணக்கம் மட்டும்தான் வருகிறது. (குரோம்பேட்டை)

இந்த முறை குழு தொடங்கப் போவதில்லை, சார். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அக்டோபர் மழைக்கு முன்னால், சிட்லபாக்கம் கலங்கலில் தொடங்கி நாராயணபுரம் வரை கால்வாயோடு நடக்கிறோம். அடைப்பு எங்கே, சுவர் எங்கே, எந்தப் பாலம் தாழ்வாக இருக்கிறது என்று குறித்து, அந்தப் பட்டியலை அந்தந்தத் துறையிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவோம். வர விருப்பம் இருந்தால் கூட்டத்தன்று பெயர் கொடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், கரையெல்லாம் கருவேல முள்.