கழுத்தில் தடம் உள்ள நாய்

கேள்வி: மூன்று நாட்களுக்கு முன் மழையில் நனைந்தபடி ஒரு பெண் நாய் எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. விலா எலும்புகள் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து வளையம்போல் ஒரு தடம் இருக்கிறது, பட்டை இல்லை. கையைத் தூக்கினாலே ஒடுங்குகிறது. “இப்படிப் பட்டினி போட்டவர்களிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது, நாமே வளர்ப்போம்” என்கிறார் என் கணவர். பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே வயதான நாய் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு தோட்டத்தில் கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளை எடுத்துவந்து பால் புகட்டியும் இரண்டே நாளில் இறந்துபோயின. அந்த உறுத்தலும் இருக்கிறது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு தடயங்கள் இருக்கின்றன. உங்கள் கணவர் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். மெலிந்த உடலைப் பார்த்தவர், முடி தேயும் அளவுக்குப் பல காலம் பட்டை கிடந்த கழுத்தை ஏனோ பார்க்கவில்லை. அந்த நாய் ஒரு வீட்டில் வளர்ந்தது என்பதைத்தான் அந்தத் தடம் சொல்கிறது. இடிக்கோ வெடிச் சத்தத்துக்கோ மிரண்டு ஓடிய நாய், சில வாரங்கள் தெருவில் அலைந்தாலே எலும்பும் தோலுமாகிவிடும். விரட்டும் மனிதர்களிடமும் கடிக்க வரும் நாய்களிடமும் அத்தனை நாள் தப்பிப் பிழைத்தது, தூக்கிய கையைக் கண்டு ஒடுங்குவதிலும் வியப்பில்லை. பழைய வீட்டில் அதை அடித்தார்கள் என்பதற்கு இவை சான்றாகா. அடித்திருக்கவும் கூடும், ஆனால் அதை நீங்கள் இன்னும் அறிந்திருக்கவில்லை. எனவே, அதை யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

மற்ற எதற்கும் முன் ஒன்றைப் பாருங்கள். பெண் நாய் என்கிறீர்கள். மடி கனத்து, காம்புகள் நீண்டு தொங்குகின்றனவா? அப்படியானால் அது அண்மையில் குட்டி போட்டிருக்கலாம், அந்த மெலிவுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். குட்டிகள் அருகில் எங்கேனும் மறைவில் இருந்தால், பரிவோடு கதவைச் சாத்தி அதை உள்ளே வைத்திருப்பது அவற்றைக் கொல்வதாகிவிடும். சாப்பிட்டவுடன் அது ஒரே திசையில் போய்ப் போய்த் திரும்புகிறது என்றால், தொலைவில் நின்று பின்தொடர்ந்து பாருங்கள்.

அடுத்தது மைக்ரோசிப். கால்நடை மருத்துவமனையிலோ விலங்குகள் காப்பகத்திலோ ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டு, இன்றே நாயைக் கொண்டுபோங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைக்கப்படும் அந்தச் சிப் ஓர் அரிசி மணி அளவே இருக்கும். பலர் நினைப்பதுபோல் அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி அன்று. அதில் மின்கலமும் இல்லை. ஸ்கேனரின் அலை படும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும். இன்றைய பன்னாட்டுத் தர முறையில் அந்த எண் 15 இலக்கங்கள் கொண்டது. உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சிப்பில் இரா, பதிவேட்டில்தான் இருக்கும். நாளடைவில் சிப் தோலுக்கடியில் நகர்ந்து தோளுக்கோ விலாப்பக்கத்துக்கோ போயிருக்கக்கூடும் என்பதால், கழுத்தில் ஒருமுறை காட்டிவிட்டு “இல்லை” என்று சொன்னால் நிறைவடையாமல், தோள், முன்கால், விலா என்று மெதுவாக மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

சிப் இல்லையென்றாலும் உங்கள் கடமை முடியவில்லை. வளர்ப்பு விலங்கைப் பல நாடுகளின் சட்டம் உரிமையாளரின் உடைமையாகவே கருதுகிறது. கண்டெடுத்தவர் அதை உரிய அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும், இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும் விதிகள். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலும் பக்கத்துக் காப்பகங்கள் எல்லாவற்றிலும் தகவலைப் பதியுங்கள். ஒன்றோடு நிறுத்த வேண்டாம், ஏனெனில் மிரண்ட நாய் பல கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். “காணவில்லை” அறிவிப்புகளைத் தேடும்போது நேற்றையதையும் அதற்கு முந்தைய நாளையதையும் மட்டும் பார்க்காதீர்கள். இத்தனை மெலிவுக்கு வாரங்கள் ஆகியிருக்கும், அறிவிப்பும் அந்த அளவுக்குப் பழையதாக இருக்கும். சொற்களை நம்பாமல் படங்களை ஒப்பிடுங்கள். ஒருவர் பழுப்பு என்று எழுதுவதை இன்னொருவர் செம்மண் நிறம் என்பார். கலப்பின நாயின் இனத்தைப் பற்றி இருவர் ஒரே பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் அறிவிப்பு எழுதும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு, காதில் பழைய தழும்பு, விரலிடையில் வேறு நிறம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். உரிமை கோரி வருபவர் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வந்தவரைக் கண்டு நாய் வாலாட்டுவதைச் சான்றாகக் கொள்ள முடியாது, ஏனெனில் வாலாட்டும் இயல்புள்ள நாய் யாரைக் கண்டாலும் ஆட்டும். பழைய படங்கள், தடுப்பூசிச் சீட்டு, சிப் பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். கேட்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். உண்மையான உரிமையாளர் உங்கள் எச்சரிக்கையைக் கண்டு மகிழ்வாரே தவிர வருந்தமாட்டார்.

உங்கள் வயதான நாயைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் பற்றித்தான் கவலை அதிகம். புதிய நாயைக் குறைந்தது இரண்டு வாரம் தனி இடத்தில், தனிக் கிண்ணத்தோடும் தனிப் படுக்கையோடும் வைத்திருங்கள். நாய்களுக்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் தொற்றிய நாய்க்கு அறிகுறிகள் தெரிய ஒரு வாரமோ சில வேளைகளில் இரண்டு வாரமோ ஆகலாம். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உங்கள் செருப்பிலும் ஏறி வரும். புதிய நாயைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவிய பிறகே பழைய நாயிடம் போங்கள்; அதன் தடுப்பூசிகள் காலாவதியாகிவிட்டனவா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. புதிய நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவர்கள் அருகில் போகக் கூடாது; கட்டிப்பிடிப்பது அன்பு என்பது நமக்குத்தான் தெரியும், ஒடுங்கும் நாய்க்கு அது பிடிபட்டுக்கொண்டதாகவே தோன்றும். அது யாரையேனும் கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ, உடனே அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் எனும் வெறிநோயின் கிருமி, நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நாயின் எச்சிலில் வந்துவிடும். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு. அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

பசித்த வயிற்றைக் கண்டு பாத்திரத்தை நிரப்பிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடல் திடீரென்று நிறைய உணவைப் பெற்றால் இரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிறு சிறு அளவாக, நாளுக்கு நான்கைந்து வேளை கொடுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இனி அந்தப் பூனைக்குட்டிகள். பால் புகட்டியும் ஏன் இறந்தன என்று உங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிறந்து சில வாரமே ஆன குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடல் குளிர்ந்த குட்டியின் வயிற்றில் செரிமானமும் நடக்காது. அதனால் முதலில் துணியில் சுற்றி மெதுவாக உடலைச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால். அந்தப் பாலும் பசும்பாலாக இருக்கக் கூடாது, அது பேதியை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மாவைக் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, குப்புறப் படுத்த நிலையிலேயே புகட்ட வேண்டும். மல்லாக்கப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். சிறுநீர் கழிக்கவும் அதற்குத் தாயின் நாக்கு வேண்டும். தாய் இல்லாதபோது ஈரப் பஞ்சால் நாம் தடவிவிட வேண்டும். இவ்வளவும் தெரிந்தவர் கையிலும் பல குட்டிகள் பிழைப்பதில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: தனியாகக் கிடக்கும் குட்டிகள் எல்லாம் அநாதைகள் அல்ல. தாய் இரை தேடிப் போய்ச் சில மணி நேரம் கழித்து வரும். குட்டிகள் தூய்மையாக, வயிறு நிரம்பி, சத்தமின்றித் தூங்கினால் விலகி நின்று காத்திருப்பதே நல்லது. குளிர்ந்து போய் ஓயாமல் கத்தினால் மட்டும் எடுக்க வேண்டும். சென்ற ஆண்டு நீங்கள் செய்தது அறியாமையே தவிரக் கொடுமை அன்று.

நாய்க்குத் திரும்புவோம். உரிமையாளர் வந்து, அவர் நாயை வதைத்தவர்தான் என்று நம்பக் காரணம் கிடைத்தால், விலங்கு நல அலுவலர்களிடம் புகார் செய்யுங்கள். நாயை ஒளித்துவைப்பது உங்களையே குற்றவாளியாக்கிவிடும். விதித்த காலம் கடந்தும் யாரும் வரவில்லையென்றால், அதை எழுத்தில் உறுதிசெய்துகொண்டு, தடுப்பூசி, கருத்தடை, உங்கள் பெயரில் சிப் பதிவு ஆகியவற்றை முடித்துவிட்டு வளர்க்கலாம்.

பிள்ளைகளிடம் இன்று மாலையே பேசுங்கள். இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும், அந்தப் பெயரைச் சொல்லி யாரோ தெருத் தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்று சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க, அறிவிப்பில் போடுவதற்கு அதன் முகம் தெளிவாகத் தெரியும் படத்தை எட்ட நின்று எடுக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள்.